உணவுக் கட்டுப்பாடும் அறுவடைப் பியரும்

போர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் படைகளின் இயக்கங்களையும், கப்பல்களின் அழிவையும், உடன்படிக்கைகளின் வாசகங்களையுமே பெரிதும் விரித்துரைப்பர். நாட்டின் உணவைக் காக்கும்பொருட்டு இயற்றப்பட்ட விதிகள் வயலில் நின்ற உழைப்பாளியின் கையிலிருந்த கிண்ணத்தை எவ்வாறு சென்று தீண்டின என்பது அவர்தம் ஏடுகளில் அருகியே காணப்படும். முதலாம் உலக மகாயுத்தத்தின்போது, 1917 ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தில் எழுந்த அறுவடைப் பியர் வழக்கு அத்தகையதொன்று. மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து அது குடிப்பழக்கம் பற்றிய ஒரு சிறு பூசலாகவே தோன்றும். ஆழ்ந்து நோக்கின், கூலி யாது, உணவு யாது, தியாகத்தின் பாரத்தை எவர் எவ்வளவு சுமத்தல் முறை என்னும் மூன்று பெருவினாக்கள் அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

இங்கிலாந்தின் கமங்களிலே அறுவடைக் காலத்தில் வேலையாட்களுக்குப் பியர் வழங்குதல் தொன்றுதொட்டு நிலவிய வழக்கமாகும். இயந்திரங்கள் பரவுமுன்னர், கோடையின் நெடும் பகல் முழுவதும் நீண்ட கைபிடியுள்ள அரிவாளை வீசிக் கோதுமையையும் வாற்கோதுமையையும் வெட்டிச் சாய்த்தோர் நாளொன்றுக்கு ஒரு கலன் பியரைப் பருகுதல் இயல்பாயிருந்தது. சிலவிடங்களில் அதனினும் மிகுதியாகவும் வழங்கினர். இப்பியர் விடுதிகளில் விற்கப்பட்டதைப்போலச் செறிவுடையதன்று. முதன்முறை ஊறவைத்து வடித்த முளைத்தானியத்தின்மீது மீண்டும் வெந்நீர் வார்த்து இறக்கிய மெல்லிய பானமே பெரும்பாலும் வயலுக்குச் சென்றது. சிறு மரக்குடுவைகளில் அதனை எடுத்துச் சென்று, வேலி நிழலில் வைத்து, கொம்பினாற் செய்த கிண்ணங்களில் வார்த்துக் குடித்தனர். கிழக்கு ஆங்கிலியாவிலே பிற்பகல் நான்கு மணிக்கு வேலை நிறுத்தி உண்டு பருகும் இடைவேளைக்கு அந்த மணியின் பெயரே வழங்கலாயிற்று.

அம்மாவட்டங்களில், குறிப்பாக சபொக், நோபொக் எனும் பகுதிகளில், அறுவடையாட்கள் தமக்குள் ஒருவரைத் தலைவராகத் தெரிந்து, அவர் வாயிலாகக் கமக்காரருடன் ஒப்பந்தம் பேசுவர். அறுவடை முழுவதற்கும் இவ்வளவு பணம் என்பதோடு, ஆளொன்றுக்கு இத்தனை புசல் முளைத்தானியம், அதற்கேற்ற ஹொப் பூ என்பனவும் அவ்வொப்பந்தத்தில் இடம்பெறுதல் உண்டு. தொழிலாளியின் மனையாள் அம்முளைத்தானியத்தைக் கொண்டு வீட்டிலேயே பியர் காய்ச்சுவாள். எனவே பியர் என்பது எசமானன் மனமுவந்து அளித்த விருந்து மட்டுமன்று. பேசிப் பெற்ற உரிமையுமாகும். மேற்கே ஹெரிபோட், சமர்செற், டெவன் ஆகிய மாவட்டங்களில் அப்பிள் பழச்சாற்றினின்று ஆக்கப்படும் சைடர் பியரின் இடத்தை வகித்தது. அங்கே அது அறுவடைக்காலத்துக்கு மட்டுமன்றி ஆண்டு முழுவதற்குமே கூலியின் ஒரு பகுதியாகக் கணிக்கப்பட்டது.

இவ்வழக்கத்தை ஏத்தியோரும் இருந்தனர், இகழ்ந்தோரும் இருந்தனர். ஏத்தியோருள் முதன்மையானவர் வில்லியம் கொபெற். 1821, 1822 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘கொற்றேஜ் எக்கொனமி’ என்னும் நூலிலே, குடிசைதோறும் பியர் காய்ச்சுதல் உழைப்பாளியின் உடலுக்கும் இல்லறத்துக்கும் உறுதி பயக்குமென அவர் வாதித்தார். முளைத்தானியத்தின்மீது அரசு விதித்த வரியே ஏழையைப் பியரினின்று பிரித்துத் தேயிலையின்பாற் செலுத்தியது என்பது அவரது குற்றச்சாட்டு. தேயிலை உடலுக்கு வலிவு தராததென்றும், காலத்தையும் விறகையும் விழுங்குவதென்றும் அவர் கடிந்துரைத்தார்.

இகழ்ந்தோர் எல்லாரும் மேட்டுக்குடியினரென்று கருதுதல் தவறாகும். 1872 ஆம் ஆண்டில் யோசேப்பு ஆர்ச் என்பாரின் தலைமையில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, அதன் முன்னணியினர் பலர் மெதடிஸ்த சபையின் உபதேசிகளாக விளங்கினர், ஆர்ச்சும் அவ்வாறே. அவர்களுட் பலர் மதுவிலக்குக் கொள்கையினர். பணமாகத் தரவேண்டிய கூலியைப் பியராகத் தருதல், குடும்பத்தின் உணவைத் தந்தையின் தொண்டைக்குள் வார்ப்பதாகும் என்பது அவர்தம் கருத்து. பியரைக் கொண்டு பசியை மறக்கலாம். பிள்ளைக்குப் பாதரட்சை வாங்கவியலாது. இவ்வகையான கண்டனங்களின் பயனாக, 1887 ஆம் ஆண்டின் சட்டம், கமத்தொழிலாளிக்குப் பணக்கூலியோடு உணவு, குடிசை முதலியவற்றை அளித்தலை ஏற்றுக்கொண்டு, வெறியூட்டும் பானத்தை மட்டும் அப்பட்டியலினின்று விலக்கியது. அன்றுமுதல் பியரானது சட்டத்தின் கண்ணிலே கூலியாகாது. ஆயினும் வழக்கம் சட்டத்துக்கு உடனே தலைவணங்கவில்லை. ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டது கொடையாக உருமாறிற்று. கொடை கிடைக்காத கமத்திற்கு ஆட்கள் செல்லத் தயங்கினர்.

இதற்கிடையில் வரிச்சட்டம் வேறொரு வழியாக இவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டிருந்தமை குறிப்பிடத்தக்கது. 1880 ஆம் ஆண்டில் கிளாட்ஸ்ரன் முளைத்தானிய வரியை ஒழித்து, பியரின்மீதே நேராக வரி விதித்தார். அப்போது, விற்பனைக்கன்றித் தன் வீட்டின் தேவைக்கும், தன்னிடம் வேலைசெய்யும் கமத்தொழிலாளர் வேலைநேரத்திற் பருகுதற்கும் பியர் காய்ச்சுவோர், விற்பனையாளரினின்றும் வேறாகக் கணிக்கப்பட்டு, அனுமதிப்பத்திரம் பெற்றுக் காய்ச்சலாம் என விதிக்கப்பட்டது. எனினும் இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது வீட்டிற் காய்ச்சுதல் பெரிதும் அருகிவிட்டது. கமக்காரர் பலர் அயலூர்ப் பியர்ச்சாலையினின்றே பீப்பாக்களை வருவிக்கலாயினர். இம்மாற்றமே போர்க்காலத்தில் அவர்களுக்கு இடரைத் தேடித் தந்தது.

1914 ஆம் ஆண்டு ஆவணி மாதத்திற் போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பரில் நிதியமைச்சராயிருந்த லோயிட் ஜோர்ஜ் பியர் வரியைப் பீப்பாவொன்றுக்கு 7 சிலிங் 9 பென்சிலிருந்து 23 சிலிங்காக உயர்த்தினார். மதுபானம் போர்த்தளபாட உற்பத்தியைக் கெடுக்கின்றதென 1915 இல் அவர் வன்மையாகப் பேசினார். அவ்வாண்டிலேயே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் போர் முடியும்வரை தம் மாளிகையில் மதுவை விலக்குவதாக அறிவித்தார். டபெர்னன் பிரபுவின் தலைமையில் மத்திய மதுக் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டு, விடுதிகளின் விற்பனை நேரம் சுருக்கப்பட்டது. இதுவரை எழுந்த வாதம் ஒழுக்கத்தையும் உழைப்பின் திறனையும் பற்றியதாகவே இருந்தது. 1917 இல் அவ்வாதம் முற்றிலும் வேறு உருக்கொண்டது.

போருக்கு முன்னர் பிரித்தானியா தனக்கு வேண்டிய கோதுமையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைக் கடல்வழியே பெற்றுவந்தது. 1917 பெப்ரவரி 1 ஆம் திகதி ஜேர்மனி தன் நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதலுக்கு எவ்வித வரம்புமில்லை என அறிவித்துச் செயற்படலாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் மட்டும் நேச நாடுகளுக்கும் நடுநிலை நாடுகளுக்கும் உரிய 8½ இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. கோதுமை மாவிலே வாற்கோதுமை முதலிய பிற தானியங்களையும் கலந்து பாண் சுடுமாறு பணிக்கப்பட்டது. மே மாதத்தில், பாண் உண்பதை நான்கிலொரு பங்கு குறைக்குமாறு மன்னரின் பிரகடனம் மக்களை வேண்டியது. வாற்கோதுமை பாணுக்கும் உரியதாயிற்று, பியருக்கும் உரியதாயிற்று. ஒரு தானியமணி இரண்டு வாய்களுக்கிடையே நின்றது.

அரசு துணிந்து செயற்பட்டது. போருக்கு முன்னர் ஆண்டொன்றுக்கு 3 கோடி 60 இலட்சம் நியமப் பீப்பா அளவினதாயிருந்த பியர் உற்பத்தி, 1916 ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சமாகச் சுருக்கப்பட்டிருந்தது. 1917 ஏப்பிரல் தொடக்கம் அது ஆண்டுக்கு 1 கோடிப் பீப்பா என்னும் எல்லைக்குள் அடக்கப்பட்டது. புதிதாக முளைத்தானியம் ஆக்குதலும் கட்டுப்படுத்தப்பட்டது. ‘பிரித்தானியாவின் வலிமை’ என்னும் பெயருடன் இயங்கிய இயக்கத்தினர் இதுவும் போதாதென்றனர். போர் முடியுமளவும் மதுவை அறவே தடைசெய்க என முழங்கினர்.

இக்கட்டுப்பாடு நகருக்கும் நாட்டுப்புறத்துக்கும் ஒத்த பாரமாக அமையவில்லை. ஒவ்வொரு பியர்ச்சாலைக்கும் அதன் முன்னைய உற்பத்தியில் ஒரு பங்கே அனுமதிக்கப்பட்டது. சாலையினர் தமக்குரிய விடுதிகளையே முதலிற் கவனித்தனர். விடுதிகளோ பலவிடங்களில் ‘பியர் இல்லை’ என்னும் பலகையைத் தொங்கவிட்டன. கோடைக்காலத்தில் மட்டும் சில பீப்பாக்கள் வேண்டிநின்ற கமக்காரர் வரிசையின் கடைசியிலே நிற்கவேண்டியவரானார். வீட்டிலே காய்ச்ச முற்படின் முளைத்தானியமும் சீனியும் கிடைத்தல் அரிதாயிற்று. உலர்புல் வெட்டும் பருவமும், அதனையடுத்து அருவிவெட்டுப் பருவமும் நெருங்கின.

அவ்வாண்டின் அறுவடையோ நாட்டின் உயிர்நாடியாக விளங்கியது. புல்வெளிகளை உழுது தானியம் விதைக்கும் பேரியக்கம் தொடங்கியிருந்தது. இளைஞர் பல்லாயிரவர் படைக்குச் சென்றுவிட்டமையால் வயல்களில் எஞ்சியோர் முதியோரும் சிறுவருமாவர். அவர்களுக்குத் துணையாகப் பெண்கள், படையினின்று தற்காலிகமாக அனுப்பப்பட்ட போர்வீரர், போர்க்கைதிகள் ஆகியோர் வந்தனர். 1917 இலேயே பெண்கள் நிலப்படை அமைக்கப்பட்டது. 1916 முதல் கடிகாரம் ஒரு மணி முன்னே நகர்த்தப்பட்டிருந்தது. ஆயினும் அறுவடையாட்களின் வேலை கடிகாரத்தோடன்று, கதிரவனோடு இயைந்தது. காலைப் பனி உலரும்வரை கதிரை வெட்டவியலாது. ஆகவே மாலை முழுவதும் உழைத்தல் வேண்டும். அரசு கூடுதலாகக் கேட்டது உழைப்பு; குறைத்தளித்தது பியர்.

இந்நிலையிலே எழுந்த வாதங்களை நடுநிலையோடு ஆராய்தல் தகும். மதுவிலக்குக் கொள்கையினரின் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தானியத்தைப் பியராக்கும்போது அதன் உணவுச்சத்தில் ஒரு பகுதி கெடுகின்றது. எஞ்சும் சக்கை கால்நடைகளுக்குத் தீனியாகிப் பாலாகவும் இறைச்சியாகவும் ஓரளவு திரும்பி வருமெனினும், அதே தானியம் நேரே பாணாகுமாயின் மேலும் பலரின் பசியைத் தணிக்கும். வெயிலில் உழைப்போருக்கு வேண்டியது நீரேயன்றி மதுவன்று என்பதும் மருத்துவர் பலரின் முடிபு. தேநீரும், ஓட்ஸ் மாக் கலந்த நீரும் வயலுக்கு ஏற்றவையென அறிவுறுத்தப்பட்டது.

மறுதரப்பாரின் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. 1914 அளவில் தென்மாவட்டங்கள் பலவற்றிற் கமத்தொழிலாளியின் வாரக்கூலி 18 சிலிங்கையும் எட்டவில்லை. பாணும் சிறிதளவு பன்றியிறைச்சியும் பாற்கட்டியுமே அவனது உணவு. அவ்வுணவோடு பருகிய பியர் அவனுக்கு மதுவாக மட்டுமன்றி மாப்பொருளாகவும் பயன்பட்டது. மேலும் அது அவனுக்குரிய பங்கு என்னும் எண்ணம் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருந்தது. செல்வரின் மேசையிலே பழைய திராட்சை மது குறைவின்றி நின்றது. அது தானியத்தாலானதன்று என்பது உண்மையே. ஆயினும் தன் கிண்ணம் வறிதாக, பிறர் கிண்ணம் நிறைந்திருத்தலைக் காண்பவனுக்கு இரசாயன விளக்கம் ஆறுதல் தரமாட்டாது. பியரின் தட்டுப்பாடும் விலையேற்றமும் தொழிலாளரின் மனக்கசப்புக்கு ஒரு காரணமாயின என்பதை, 1917 நடுப்பகுதியில் நியமிக்கப்பட்ட தொழிற்றுறை அமைதியின்மை விசாரணைக் குழுவினர் சில பகுதிகளைப் பற்றிய அறிக்கைகளில் எடுத்துக்காட்டினர்.

அரசு ஈற்றில் இடைவழியொன்றைத் தெரிந்தது. உணவுக் கட்டுப்பாட்டதிகாரியாகிய டெவன்போட் பிரபு பதவி விலக, 1917 யூன் மாதத்தில் றொண்டா பிரபு அப்பொறுப்பை ஏற்றார். யூலை மாதத்திலே, அம்மாதம் முதல் செப்ரெம்பர் முடியவுள்ள காலாண்டுக்கு மட்டும், பியர் உற்பத்தியை மூன்றிலொரு பங்கு உயர்த்த இணக்கம் அளிக்கப்பட்டது. அவ்வுயர்வின் ஒரு பகுதி எல்லாச் சாலைகளுக்கும் பொதுவானது. மற்றொரு பகுதி போர்த்தளபாடத் தொழிற்சாலைகள் நிறைந்த இடங்களுக்கும் அறுவடை நிகழும் நாட்டுப்புறங்களுக்கும் எனக் கட்டுப்பாட்டதிகாரியின் கையில் விடப்பட்டது. செறிவு குறைந்த பியரைக் காய்ச்சவேண்டும் என்ற நிபந்தனையும் அதனோடு இணைக்கப்பட்டது.

இந்நிபந்தனையின் உட்பொருளை விளங்கிக்கொள்ளுதல் அவசியம். நியமப் பீப்பா என்பது 36 கலன் கொள்ளளவும் 1055 என்னும் செறிவளவும் உடைய பியரைக் குறிக்கும். நீரின் செறிவு 1000 எனக் கொள்ளப்படும். அதே தானியத்தைக் கொண்டு 1030 செறிவுள்ள பியரைக் காய்ச்சின், ஒரு பீப்பாவுக்கு ஈடாக ஏறக்குறைய 1.8 பீப்பா கிடைக்கும். ஆகவே நீரைக் கூட்டுவதன் வாயிலாகக் கிண்ணங்களின் தொகையை உயர்த்த முடிந்தது. மக்கள் அதனை ‘அரசாங்கப் பியர்’ என எள்ளி நகையாடினர். 1917 ஒக்ரோபரில் 1036 இற்குக் குறைந்த செறிவுள்ள பியருக்குப் பைந்து ஒன்றுக்கு 4 பென்ஸ் எனவும், 1036 முதல் 1042 வரையுள்ளதற்கு 5 பென்ஸ் எனவும் விலை வரையறுக்கப்பட்டது. 1918 இல் பெரிய பிரித்தானியாவிற் காய்ச்சப்படும் பியரின் சராசரிச் செறிவு 1030 என்னும் எல்லைக்கு இறக்கப்பட்டது. நகரத்துக் குடிகாரனுக்கு ஏமாற்றமளித்த இந்நீர்த்த பானம், அறுவடை வயலுக்கோ பண்டை மென்பியரின் மீட்சியெனவே கூறத்தக்கதாயிற்று.

அவ்வாண்டு வேறொரு சட்டமும் நிறைவேறியது. அதுவே இவ்வழக்கின் உண்மையான தீர்ப்பெனலாம். 1917 ஆம் ஆண்டின் தானிய உற்பத்திச் சட்டம் கமக்காரருக்குக் கோதுமைக்கும் ஓட்சுக்கும் உறுதிவிலை அளித்ததோடு, உடல்வலிமையுள்ள கமத்தொழிலாளிக்கு வாரம் 25 சிலிங் குறைந்தபட்சக் கூலி எனவும் விதித்தது. விவசாயக் கூலிச் சபை ஒன்றும் நிறுவப்பட்டது. கூலி எவ்வளவு என்பதைச் சட்டம் நிர்ணயித்தபின், கூலியாகக் கணிக்கத்தக்க பொருள் யாது என்பதும் நிர்ணயமாதல் வேண்டுமன்றோ? பால், உருளைக்கிழங்கு, உறையுள் போன்றவை மதிப்பிடப்பட்டன. மதுபானத்துக்கு அங்கே இடமில்லை. 1887 ஆம் ஆண்டின் சட்டம் சொல்லால் விலக்கியதை, 1917 ஆம் ஆண்டின் சட்டம் பணத்தால் விலக்கியது. கையிலே போதிய காசுள்ளவன் எசமானனின் பீப்பாவை எதிர்பார்த்து நிற்கவேண்டியதில்லை. அச்சட்டமும் சபையும் 1921 இல் நீக்கப்பட்டமையும், 1924 இல் மாவட்டக் குழுக்கள் வாயிலாகக் கூலி வரையறை மீண்டமையும் தொழிலாளர் பெற்ற உரிமை எத்துணை நிலையற்றதாயிருந்தது என்பதைக் காட்டும். ஆயினும் பியரைக் கூலியாகப் பேசும் பழைய காலம் மீளவில்லை. இயந்திர அறுவடை பரவ, ஒப்பந்தம் பேசும் அறுவடைத் தலைவரும் மறைந்தார். விற்பனைக்கன்றி வீட்டிற் பியர் காய்ச்சுதற்கான அனுமதிப்பத்திர விதியும் 1963 இல் நீக்கப்பட்டது.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது பிரித்தானிய அரசு முன்னைய பாடத்தை மறக்கவில்லை. பியர் பங்கீட்டுக்கு உட்படுத்தப்படவில்லை. வரி உயர்ந்தது, செறிவு குறைந்தது, ஆனால் விற்பனை தொடர்ந்தது. கமத்தொழிலாளிக்குப் பொதுமக்களுக்குரியதிலும் பல மடங்கு பாற்கட்டி தனிப்பங்காக அளிக்கப்பட்டது. அறுவடைக் காலத்திலே மேலதிகத் தேயிலையும் சீனியும் வழங்கப்பட்டன. கொபெற் எதனை உழைப்பாளியின் பகையெனப் பழித்தாரோ, அதனையே அறுவடைக்குரிய பங்காக அரசு அளந்து கொடுத்தது.

அத்தேயிலையிற் பெரும்பகுதி இந்தியாவினின்றும் இலங்கையினின்றும் சென்றதாகும். 1942 இல் யாவா ஜப்பானியர் வசமானபின் இவ்விரு நாடுகளின் தேயிலையே பிரித்தானியாவுக்கு முதன்மையான ஆதாரமாயிற்று. மலைநாட்டுத் தோட்டங்களில் அதனைக் கொய்த தமிழ்த் தொழிலாளரும், அதே ஆண்டிற் பர்மா வீழ்ந்து அரிசி வரவு தடைப்பட்டதால், குறுகிய அரிசிப் பங்கோடும் கோதுமை மாவோடும் வாழவேண்டியவராயினர். அவர்களுக்கும் நெடுங்காலமாகத் தோட்டத்தினர் கொடுத்த அரிசி கூலிக் கணக்கிலே கழிக்கப்பட்டு வந்தது. உணவும் கூலியும் ஒரே கையினின்று வரும்போது, அளப்பவனே விலையையும் வகுக்கின்றான் என்னும் உண்மை நோபொக் வயலுக்கு மட்டும் உரியதன்று.

1917 ஆம் ஆண்டின் அறுவடைப் பியர் வழக்கு நமக்குப் புலப்படுத்துவது இதுவே: பஞ்சகாலத்திற் பொருளைச் சுருக்குதல் அரசின் கடமை, ஆனால் சுருக்கப்படும் பொருள் ஒவ்வொருவர் வாழ்விலும் வகிக்கும் இடத்தை அறியாது சுருக்குதல் பேதைமை. தானியத்தின் கணக்கை எழுதியோர் பியரை வீண்செலவு எனும் நிரலில் எழுதினர். வயலில் நின்றவனோ அதனைத் தன் கூலியின் நிரலில் எழுதியிருந்தான். இரு கணக்குகளும் ஒருங்கே வைத்து நோக்கப்பட்டபோதுதான் நீர்த்த பியரும் நிறைந்த கூலியும் என்னும் தீர்வு பிறந்தது. அவற்றுள் முன்னையது ஒரு கோடைக்கான தணிப்பு. பின்னையது நூறாண்டு பழைய குறையொன்றுக்கான பரிகாரம்.